காற்றும் ஓதமும்: கொங்கணக் கரையில் பாய்ப்படகுப் பயணம்

கரிகாலனின் முன்னோர் காற்றைத் தம் வயப்படுத்திக் கலம் செலுத்தினர் என்பதை, வெண்ணிக் குயத்தியார் பாடிய 66ஆம் புறப்பாட்டால் அறிகிறோம். அக்கலையை ஏட்டில் மட்டும் போற்றினால் போதுமா? மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நமக்கு அரபிக்கடல் அண்டை வீடு. ராயல் பம்பாய் யாட் கிளப் 1846இல் தோன்றியதும் இந்நகரில்தான். எனவே மும்பையிலிருந்து தெற்கே அலிபாக் வரை பாய்ப்படகில் செல்வதைச் சான்றாகக் கொண்டு, கடல் கற்பிக்கும் பாடங்களை ஆராய்வோம்.

காற்று: பகலில் நிலம் நீரைவிட விரைவில் சூடேறும். நிலத்தின் மேலுள்ள காற்று எழ, கடற்காற்று உட்புகும். இரவில் நிலம் விரைந்து குளிர, கரைக்காற்று கடல் நோக்கி வீசும். மழைக்காலம் நீங்கிய மாதங்களில் இங்கே பிற்பகற் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வரும். தெற்கே செல்வோர்க்கு அது பின்துணை. திரும்பும்போதோ அதுவே எதிரி. காற்றுக்கு நேரெதிரே எந்தப் பாய்ப்படகும் செல்லாது. ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து, வலமும் இடமும் மாறி மாறித்தான் முன்னேற வேண்டும். ஆகவே விடியற்காலைக் கரைக்காற்றைப் பக்கவாட்டில் ஏற்றுத் திரும்புவதே அறிவுடைமை. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். அப்போது பயணம் கூடாது.

ஓதம்: சென்னைக் கரையில் உவா நாட்களிலும் கடல் ஏறி இறங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டரே. மும்பையிலோ அது 4 மீட்டரையும் தாண்டும். இங்கே கண்டத்திட்டு அகன்று ஆழம் குறைந்திருப்பது அதற்கு ஒரு காரணம். நீர் நிறைந்த வேளையில் 5 மீட்டர் ஆழம் கண்டு நங்கூரமிட்டால், ஆறு மணி நேரத்தில் எஞ்சுவது 1 மீட்டர். ஒன்றரை மீட்டர் நீர் வேண்டும் படகு தரைதட்டி நிற்கும்!

கரையேறல்: வழியில் காணும் கண்டேரித் தீவில் சிவாஜி 1679இல் கோட்டை எழுப்பத் தொடங்கினார். 2025இல் அது உலக மரபுச் சின்னங்களுள் இடம்பெற்றது. அலிபாக்கின் குலாபாக் கோட்டை, பின்னர் கனோஜி ஆங்கிரேயின் கடற்படைத் தளமாயிற்று. வற்றத்தின்போது அங்கே நடந்தே செல்லலாம். ஆனால் ஓதம் சீராக ஏறுவதில்லை. ஏற்றத்தைப் பன்னிரண்டு கூறாக்கினால் ஆறு மணிகளில் முறையே 1, 2, 3, 3, 2, 1 கூறு ஏறும் என்பது மாலுமிகளின் கணக்கு. 4 மீட்டர் ஏற்றமாயின் முதல் மணியில் 33 செ.மீ. மட்டுமே, மூன்றாம் மணியிலோ முழுதாக ஒரு மீட்டர்! முதல் மணியின் அமைதியை நம்பிக் கோட்டையில் உலவுவோரைக் கடல் அடைத்துவிடும். ஆகவே முழு வற்றத்துக்கு முன்பே சென்று, நீர் திரும்புமுன் கரை சேர்தல் வேண்டும்.

இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. உள்ளூர்க் கோலி மீனவர்களோ அதை வாழ்வில் கற்றவர்கள். நண்பர்களே, அட்டவணையைப் படியுங்கள், அவர்களையும் கேளுங்கள், அதன்பின் பாய் விரியுங்கள்.