ராத்திரி 10 நிமிடம், காலையில் சிக்கில்லாத கூந்தல்



"தலைமுடிக்கெல்லாம் ஒரு பாடமா?" என்று நீங்கள் சிரிப்பது எங்களுக்குக் கேட்கிறது. சேமிப்பு, கடன், கணக்கு நோட்டு, சத்துணவு என்று எத்தனையோ பாடம் படித்துவிட்டோம். இந்த மாதம் நம்ம தலைக்கு வருவோம்.

காலை நேரம் நம் வீடுகளில் எப்படிப் போகிறது? வாசல் தெளிக்கணும், அடுப்பு பற்ற வைக்கணும், தண்ணி பிடிக்கணும், பிள்ளைக்குச் சாப்பாடு கட்டணும். இதற்கு நடுவில் இடுப்புக்குக் கீழே தொங்கும் முடியைப் பிரித்தால் ஒரே சிக்கு. மேலே பார்த்தால் பரட்டை. பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று சீப்பை வைத்து இழுக்கிறோம். முடி படபடவென்று அறுகிறது. பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளைக்கோ ரெட்டைச் சடை பின்ன வேண்டும். அவள் "வலிக்குதும்மா" என்று அழ, நாம் தலையில் ஒன்று வைக்க, காலையிலேயே வீட்டில் சண்டை.

ஒரு கணக்குப் போடுவோம். நம் தலைக்கும் பிள்ளை தலைக்கும் சேர்த்துச் சிக்கு எடுக்க தினமும் 15 நிமிடம் என்றால் மாதத்துக்கு 450 நிமிடம். அதாவது ஏழரை மணி நேரம்! கிட்டத்தட்ட ஒரு நாள் வேலை நேரம். முந்தின ராத்திரி ஒரு 10 நிமிடம் நிதானமாகச் செலவழித்தால் காலை அவசரமும் குறையும், அறுந்து போகும் முடியும் மிஞ்சும். எப்படி என்று பார்ப்போம்.

முடியைத் தெரிந்துகொள்வோம்

முடிக்கு உயிர் தலைக்குள் இருக்கும் வேரில்தான். வெளியே நீண்டு வந்த முடிக்கு உயிர் கிடையாது. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. உடம்பில் புண் வந்தால் தானாக ஆறும். முடியின் நுனி வெடித்தால் தானாக ஒட்டாது. கெடாமல் காப்பது ஒன்றுதான் வழி.

முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். அப்படியென்றால் 60 சென்டிமீட்டர் நீளக் கூந்தலின் நுனி 5 வருடத்துக்கு முன்னால் முளைத்தது. நுனி முடி பால்வாடிப் பிள்ளையை விட மூத்தது! 5 வருட வெயில், வேர்வை, தூசி, சீப்பு, சும்மாடு எல்லாம் பட்ட முடி அது. வேர்ப்பக்கம் பளபளவென்று இருந்தாலும் நுனி மட்டும் நார் மாதிரி ஆவது இதனால்தான்.

ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியிருக்கும் அல்லவா? ஒவ்வொரு முடியின் மேலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் அப்படித்தான் வேரிலிருந்து நுனியைப் பார்த்து அடுக்கியிருக்கின்றன. செதில்கள் படிந்திருந்தால் முடி வழவழப்பாக இருக்கும். தூக்கிக்கொண்டால் ஒரு முடியோடு இன்னொரு முடி மாட்டிக்கொள்ளும். அதுதான் சிக்கு. தூக்கிய செதில் வழியாகக் காற்றின் ஈரமும் உள்ளே போகும். முடி உப்பிச் சிலுப்பிக்கொள்ளும். அதுதான் பரட்டை. மழைக்காலத்தில் பரட்டை கூடுவதற்கும் இதுவே காரணம்.

பிறவியிலேயே சுருட்டை முடி உள்ளவர்களுக்குக் காய்ந்துபோவதும் சிலுப்புவதும் கொஞ்சம் அதிகம். அது நோயும் இல்லை, குறையும் இல்லை. அவர்களுக்கு இந்த ராத்திரிப் பழக்கம் இன்னும் அதிகம் பயன்படும்.

தூங்கும்போது என்ன நடக்கிறது?

நாம் அசந்து தூங்கினாலும் தலை சும்மா இருப்பதில்லை. புரண்டு புரண்டு படுக்கிறோம். ஒவ்வொரு புரளலிலும் முடி தலையணையில் உரசுகிறது. பருத்தித் துணி உடம்புக்கு நல்லதுதான். ஆனால் முடிக்குச் சொரசொரப்பு. கோரைப்பாயில் தலையணை இல்லாமல் படுத்தால் இன்னும் மோசம். விரித்துப் போட்ட முடி முதுகுக்கடியில் மாட்டி இழுபடும். காற்றாடிக் காற்றில் பறந்து முடிச்சு விழும். 6, 7 மணி நேரம் இப்படி நடந்தால் காலையில் சிக்கு இல்லாமல் எப்படி இருக்கும்?

படுக்கும் முன் ஐந்து வேலை

1. ஈரம் போகட்டும். ஈர முடி உப்பி இளகி இருக்கும். இழுத்தால் நீளும், சுலபத்தில் அறும். ஈரத்தோடு பின்னிப் படுத்தால் சடைக்குள் ஈரம் தங்கி வாடை அடிக்கும், தலை அரிக்கும். செவ்வாய், வெள்ளி தலைக்குக் குளித்துவிட்டு அவசரத்தில் முடிந்துகொண்டு வேலைக்குப் போகிறோமா? வந்ததும் முதல் வேலையாக அவிழ்த்து ஆற விடுங்கள். துண்டால் 'பட் பட்' என்று அடிப்பதும், முறுக்கிப் பிழிவதும் வேண்டாம். பழைய மெல்லிய பருத்திச் சேலைத் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும்.

2. நுனியிலிருந்து சிக்கு எடுங்கள். பூ, ஊசி, ஸ்லைடு எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிடுங்கள். உச்சியில் சீப்பை வைத்து ஒரே இழுவையாக இழுத்தால் சிறு சிறு சிக்கெல்லாம் கீழே திரண்டு பெரிய முடிச்சாகிவிடும். முடியை இரண்டு பாகமாகப் பிரித்து முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் விரலால் கோதுங்கள். பிறகு பல் அகலமான சீப்பால் கடைசி ஒரு சாண் மட்டும் சீவுங்கள். அது பிரிந்ததும் அதற்கு மேல் ஒரு சாண். இப்படியே படிப்படியாக மேலே ஏறுங்கள். முடிச்சுக்கு மேலே முடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் வேர் இழுபடாது, வலிக்காது. பிள்ளைகளுக்கு இதை மறக்காமல் செய்யுங்கள். பல் உடைந்த சீப்பைத் தூக்கி எறியுங்கள். அது முடியை அறுக்கும் ரம்பம்.

3. நுனிக்குக் கொஞ்சம் எண்ணெய். தேங்காய் எண்ணெய் நாலைந்து சொட்டு எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்து, முடியின் கீழ்ப்பாதியில் மட்டும் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் முடியின் மேலே படிவதோடு நிற்காமல் உள்ளேயும் இறங்குகிறது, முடியின் சத்து கழுவிப் போவதைக் குறைக்கிறது என்று 2003-ல் நம் நாட்டில் செய்த ஓர் ஆய்வு வெளியானது. (செய்தவர்கள் ஓர் எண்ணெய்க் கம்பெனியின் ஆய்வாளர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.) சூரியகாந்தி எண்ணெய்க்கும், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் எண்ணெய்க்கும் அந்தக் குணம் அதில் தெரியவில்லை. ஆகவே வண்ண பாட்டிலைப் பார்த்து மயங்க வேண்டாம். வீட்டுத் தேங்காய் எண்ணெயே போதும். வழிய வழிய வைத்தால் தூசி ஒட்டும், தலையணை பிசுக்காகும். பொடுகு உள்ளவர்கள் வேரில் எண்ணெய் தேக்கி வைத்துத் தூங்கக் கூடாது. பொடுகுக் கிருமிக்கு எண்ணெய்தான் சாப்பாடு.

4. தளர்வாக ஒரு சடை. மூன்று கால் எடுத்துத் தளர்வாகப் பின்னுங்கள். அடர்த்தியான முடி என்றால் இரண்டு சடை. பிடரியில் இறுக்கம் தெரியக் கூடாது. ஒரு விரல் சுலபமாக உள்ளே போக வேண்டும். நுனியை ஒரு விரல்நீளம் மட்டும் விட்டு, பழைய சேலைத் துணி நாடாவால் கட்டுங்கள். பொட்டலம் கட்டும் ரப்பர் வளையம் வேண்டவே வேண்டாம். கழற்றும்போது முடியைப் பிய்த்துக்கொண்டுதான் வரும். சடையைத் தோள் வழியாக முன்னால் போட்டுப் படுத்தால் முதுகுக்கடியில் நசுங்காது. கொண்டை பழகியவர்கள் உச்சிக்கு அருகில் தளர்வாகச் சுருட்டி வைக்கலாம்.

5. தலைக்கடியில் வழவழப்பான துணி. கிழிந்த பட்டுச் சேலையோ, கட்டாமல் கிடக்கும் பழைய நைலக்ஸ், சாட்டின் துணியோ எல்லா வீட்டுப் பெட்டியிலும் இருக்கும். ஒரு துண்டு வெட்டித் தலையணை உறை தைத்துக்கொள்ளுங்கள். ஜரிகைப் பக்கம் வேண்டாம், அது முடியை இழுக்கும். தைக்க முடியாவிட்டால் தலையணை மேல் விரித்துச் சொருகினால் போதும். பாயில் படுப்பவர்கள் தலை வைக்கும் இடத்தில் விரிக்கலாம். வாரம் ஒரு முறை துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். குளிர்காலம் என்றால் அதே துணியைத் தலையில் தளர்வாகக் கட்டிக்கொள்ளலாம். புழுக்கத்தில் வேண்டாம். வேர்த்துப் போகும்.

காலையில் என்ன செய்வது?

சடையை அவிழ்த்து விரலால் ஒரு தடவை கோதுங்கள். சிலுப்பி நிற்கும் இடத்தில் மட்டும் ஈரக் கையால் லேசாகத் தடவி, சீப்பை ஒரு முறை ஓட்டிப் பின்னுங்கள். தலை முழுக்கத் தண்ணீர் தொட்டுச் சீவினால் அப்போது படியும். காய்ந்ததும் மறுபடி சிலுப்பும். அவசரமான நாளில் ராத்திரிச் சடையை அவிழ்க்காமல் வகிட்டை மட்டும் சரிசெய்து கொண்டும் கிளம்பலாம்.

குளிக்கும் நாளிலும் ஒரு கவனம் வேண்டும். உப்புத் தண்ணீரில் சோப்பு போட்டுத் தலைக்குக் குளித்தால் வெள்ளைப் பிசுக்கு முடியில் ஒட்டிக்கொண்டு சொரசொரப்பாகும். துணி சோப்பு, மேல் சோப்பு இரண்டும் தலைக்கு ஆகாது. சீயக்காயோ அரப்போ வடிகஞ்சியில் கரைத்துத் தேய்க்கலாம். ஷாம்பு என்றால் வேர்ப்பக்கம் மட்டும் தேய்த்தால் போதும், வழிந்து வரும் நுரையே நுனிக்குப் போதுமானது. கடைசி அலசலுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் அல்லது மழைத் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது.

இறுக்கிப் பின்னினால் நீளுமா?

"இறுக்கிப் பின்னினாத்தான் முடி வளரும்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது சரியில்லை. வேரை வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருந்தால் நெற்றி ஓரத்திலும் காதுக்கு மேலேயும் முடி ஏறிக்கொண்டே போகும். ஆரம்பத்தில் இறுக்கத்தை விட்டால் திரும்ப முளைக்கும். பல வருடம் விட்டுவிட்டால் வேரே அழிந்து, பிறகு முளைக்காது. பிள்ளைக்குப் பின்னிய பிறகு புருவம் மேலே இழுத்தாற்போல இருந்தாலோ, நெற்றி ஓரம் சிறு கொப்புளம் வந்தாலோ சடை இறுக்கம் என்று அர்த்தம். பகல் முழுவதும் ரெட்டைச் சடையில் இருக்கும் பிள்ளைக்கு ராத்திரியாவது தலை ஆறட்டும்.

பேன் இருந்தால்

ஒரே பாயில் பிள்ளைகள் தலையோடு தலை ஒட்டிப் படுக்கும்போது பேன் ஏறும். பேன் தாவாது, பறக்காது, ஊர்ந்துதான் போகும். ஆகவே சடை பின்னிப் படுப்பது இதற்கும் உதவும். ஈரு பொரிக்க 7 முதல் 10 நாள் ஆகும். ஒரு நாள் பார்த்துவிட்டு விட்டால் மறுபடி வந்துவிடும். வீட்டில் எல்லார் தலையையும் ஒரே நாளில் பாருங்கள். எண்ணெய் தடவி, பேன்சீப்பால் இரண்டு வாரத்துக்கு 2, 3 நாளைக்கு ஒரு முறை வாரி எடுங்கள். மருந்து வேண்டுமானால் சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள். மண்ணெண்ணெய், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து இரண்டையும் தலையில் தடவவே கூடாது. ஒன்று தீப்பிடிக்கும், மற்றொன்று தோல் வழியே உள்ளே போய் உயிருக்கே ஆபத்தாகும்.

அறுகிற முடியா, உதிர்கிற முடியா?

நம்மில் பலர் சீப்பில் வந்த முடியைச் சுருட்டிக் கூரைச் சந்தில் சொருகி, பாத்திரக்காரர் வந்தால் போடுகிறோம். அடுத்த முறை சுருட்டுவதற்கு முன் கொஞ்சம் வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள்.

துண்டு துண்டாக, குட்டையாக இருந்தால் அது அறுந்த முடி. மேலே சொன்ன ஐந்து வேலையால் அது குறையும்.

முழு நீளமாக, ஒரு முனையில் வெள்ளையாகச் சிறு குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது எல்லாருக்கும் இயல்பு. பிள்ளை பெற்ற 2, 3 மாதத்தில் கொத்தாகக் கொட்டுவதும் உண்டு, அது பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடும். பயப்பட வேண்டாம்.

ஆனால் காரணம் இல்லாமல் பல மாதம் கொத்துக் கொத்தாகக் கொட்டினால், கூடவே படியேறினால் மூச்சு வாங்குவது, தலைசுற்றல், கண் உள்பக்கம் வெளுப்பு, மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு, காரணமில்லாமல் உடல் பருமன் கூடுவது என்று ஏதாவது இருந்தால், எண்ணெயை மாற்றிப் பயனில்லை. அது ரத்தசோகையாகவோ தைராய்டு கோளாறாகவோ இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் மிச்சத்தைச் சாப்பிடும் நமக்கு முடி கொட்டுகிறது என்றால், உடம்பு ஏதோ சொல்கிறது என்று பொருள். கேட்டுக்கொள்வோம்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. உங்கள் சீப்பில் வருவது அறுந்த முடியா, உதிர்ந்த முடியா? ஒரு வாரம் பார்த்து வந்து சொல்லுங்கள்.
2. உங்கள் பெண் பிள்ளையின் நெற்றி ஓரத்தை இன்றைக்குப் பாருங்கள். முடி ஏறியிருக்கிறதா?
3. தலைக்கென்று மாதம் எவ்வளவு செலவு செய்கிறீர்கள்? அதில் எது தேவை, எது விளம்பரம் பார்த்து வாங்கியது?
4. நம் குழுவில் ரத்தப் பரிசோதனை செய்து ஒரு வருடத்துக்கு மேல் ஆனவர்கள் எத்தனை பேர்? எல்லாரும் சேர்ந்து ஒரே நாளில் போய் வர முடியுமா?

குழுவில் தையல் தெரிந்த சகோதரி இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு பழைய சேலைத் துண்டோடு வாருங்கள். வரவு செலவு எழுதி முடிப்பதற்குள் ஆளுக்கொரு உறை தயாராகிவிடும்.