என்ட்ரோபிக்கு ஒரு வரவு செலவுக் கணக்கு

கார்னோ இயந்திரத்தை நடத்தி முடித்ததும் மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: "ஒரு சுழற்சியில் இயந்திரத்தின் என்ட்ரோபி எவ்வளவு கூடும்?" 'என்ட்ரோபி எப்போதும் கூடும்' என்று மனப்பாடம் செய்தவர்கள் ஓர் எண்ணைத் தேடுவார்கள். சரியான விடை சுழி.

கரும்பலகையில் வெப்ப மூலம், இயந்திரம், வெப்ப ஏற்பி என மூன்று கட்டங்கள் வரையுங்கள். 600 கெல்வினில் உள்ள மூலம் 1200 ஜூல் வெப்பம் தருகிறது. அதன் என்ட்ரோபி 1200/600 = 2 ஜூல்/கெல்வின் குறைகிறது. மீள் இயந்திரம் 600 ஜூல் வேலை செய்து, மீதி 600 ஜூலை 300 கெல்வினில் உள்ள ஏற்பிக்குக் கொடுக்கிறது. ஏற்பியின் என்ட்ரோபி 600/300 = 2 கூடுகிறது. இயந்திரத்துக்கு வரவு 2, செலவு 2. வெப்பப் பரிமாற்றமில்லா இரு படிகளிலும் மாற்றம் இல்லை. மொத்தம் சுழி.

இனி, உராய்வுள்ள இயந்திரம். அதே 1200 ஜூல் பெற்று, 300 ஜூல் மட்டுமே வேலை செய்கிறது. 900 ஜூல் ஏற்பிக்குப் போகிறது. ஏற்பியில் 3 கூட, மூலத்தில் 2 குறைய, நிகரமாக 1 மிஞ்சுகிறது. இங்கும் இயந்திரத்தின் மாற்றம் சுழியே. அது தொடக்க நிலைக்கே திரும்புகிறது, என்ட்ரோபியோ நிலையை மட்டுமே சார்ந்தது. கூடியது சுற்றுப்புறத்தில்.

அந்த 1-ஐ ஏற்பியின் 300 கெல்வினால் பெருக்கினால் 300 ஜூல். நாம் இழந்த வேலையும் அதுவே!

வேலையே நடக்காமல் 1200 ஜூலும் ஏற்பிக்குப் போனால்? இக்கணக்கை மாணவர்களே போடட்டும்.