நகை போட்டதோடு பங்கு தீர்ந்ததா?

கேள்வி: அத்தா மவுத்தாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. வீடும் கொஞ்சம் நஞ்சையும் இருக்கின்றன. என் பங்கைக் கேட்டால், "கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, பொம்பளப் புள்ள சொத்துக் கேக்குறது நம்ம வழக்கத்துலயே இல்ல" என்கிறார்கள் அண்ணன்கள் இருவரும். நான் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன், கணவருக்குச் சம்மதம்தான். ஆனால் பெரியண்ணன் அதை மார்க்கத்துக்கு விரோதம் என்கிறார். எது மார்க்கம், எது வழக்கம்?
- வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: சொத்து என்றால் வழக்கத்தையும், உங்கள் சம்பளம் என்றால் மார்க்கத்தையும் எடுக்கிறார் பெரியண்ணன். மாற்றிக் கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

பெற்றோர் விட்டுச் சென்றதில் பெண்ணுக்கும் பங்கு உண்டு என்பது குர்ஆனின் அந்நிஸா அத்தியாயத்திலேயே இருக்கிறது. கடனும் வசிய்யத்தும் போக மீதியை 40 பாகமாக்குங்கள். அம்மாவுக்கு 5, அண்ணன்களுக்கு 14, 14, உங்களுக்கு 7. (அத்தாவைப் பெற்றவர்கள் உயிரோடு இருந்தால் கணக்கு மாறும்.) அத்தா தம் காலத்தில் போட்ட நகை அன்பளிப்பு, பங்கில் கழிக்க முடியாது.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. வழக்கத்தைக் காட்டிப் பெண்களை ஒதுக்கிவந்ததால்தான் 1937-ல் ஷரீஅத் சட்டமே வந்தது. அதில் விவசாய நிலத்துக்கு இருந்த விலக்கைச் சென்னை மாகாணம் 1949-ல் எடுத்துவிட்டது. ஆகவே நஞ்சையிலும் உங்களுக்குப் பங்குண்டு.

வேலை விஷயம் சுருக்கமானது. கதீஜா நாயகி வணிகர். நபிகள் நாயகம் அவருடைய சரக்கைக் கொண்டுபோய் விற்றவர். உடை, பயணம், கணவர் அனுமதி பற்றி உலமாக்களிடையே பேச்சு உண்டு. கட்டிக்கொடுத்த தங்கையின் வேலையில் அண்ணனுக்கு என்ன சொல் இருக்கிறது?

இதை வைத்து வழக்கமெல்லாம் பெண்ணுக்கு எதிரி என்று எண்ணிவிடாதீர்கள். காயல்பட்டினத்திலும் இலங்கையின் கிழக்கு ஊர்களிலும் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியேறுவார். எந்த வசனமும் அப்படிக் கட்டளையிடவில்லை. அங்கே கணவன் கோபித்துக்கொண்டால் வெளியேற வேண்டியவன் அவன்தான். மகளுக்கு வீடு கட்டியே கடனாளியான வாப்பாக்களும் அதே ஊர்களில் உண்டு என்பது வேறு கதை.

ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்பதோ வழக்கமல்ல, வசனம். குறையெல்லாம் கலாச்சாரத்தினுடையது, மார்க்கத்தில் கேள்விக்கே இடமில்லை என்பவர்கள் இந்த இடத்தில் வேகமாக நடந்துவிடுகிறார்கள். குடும்பச் செலவு ஆணின் பொறுப்பு என்பது இதற்கு மரபான விளக்கம். துனிசியாவில் சமபங்கு மசோதாவுக்கு 2018-ல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, சட்டமாகவில்லை. உங்களுக்கு அந்தப் பாதியே இன்னும் கைக்கு வரவில்லை.

ஜமாஅத்தில் எழுத்தில் மனுக் கொடுங்கள். தீராவிட்டால் சிவில் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். அத்தா இருந்தபோது பணம் வாங்கிக்கொண்டு 'பங்கு வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்திருந்தால் சிக்கல். முதலில் அதை வக்கீலிடம் காட்டுங்கள். இனி அண்ணன்கள் விடுதலைப் பத்திரம் நீட்டினால், அம்மாவே சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.