வாடிக்கையாளரும் ஊழியரும்: இரு தண்டவாளங்கள்



சென்ற மாதம் எங்கள் தெருத் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு சர்வீஸ் சென்டரில் மேற்பார்வையாளராகப் பதவி உயர்வு பெற்றிருக்கிறார். "மாமா, எனக்குக் கீழே 12 பேர். வாடிக்கையாளர் புகார் குறைந்தபாடில்லை. கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம்" என்றார். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கத்தியவன்தான். அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

1986ஆம் ஆண்டு. டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, ஒரு செக்‌ஷனின் தண்டவாளப் பராமரிப்பு என் பொறுப்பில் இருந்தது. அங்கே கீமேன் ஒருவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். கீமேன் என்பவர் தினமும் சுமார் 6 கிலோமீட்டர் பாதையை நடந்தே பார்ப்பவர். போகும்போது ஒரு தண்டவாளம், திரும்பும்போது மற்றொன்று. வண்டியில் படுத்துத் தூங்கும் பயணி அவர் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பயணிக்கு முதல் சேவை செய்பவர் அவர்தான்.

ஒருநாள் ஒரு போல்ட் தளர்ந்திருந்ததைப் பார்த்தேன். கேங்க் ஆட்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் அவரை "நீ, வா, போ" என்று ஏசிவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வேலை ஒழுங்காகிவிடும் என்று நான் நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து டிராலியில் போகும்போது, இரண்டு தண்டவாளங்களை இணைக்கும் ஃபிஷ்பிளேட் ஒன்றில் விரிசல் கண்டேன். விரிசலுக்குள் துரு ஏறியிருந்தது. அன்றைக்கு விட்டதல்ல, பழைய விரிசல். சிவப்புக் கொடி காட்டிப் பாதையைக் காத்து, அடுத்த வண்டி வருமுன் பிளேட்டை மாற்றினோம். "உங்கள் கண்ணில் படவில்லையா?" என்று கேட்டேன். "பட்டது சார். சொன்னால் நான்தான் கெடுத்தேன் என்று எல்லார் முன்னாலும் திட்டுவீர்கள். அதுதான், மேஸ்திரியிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன்" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சொல்லாமல் விட்டது அவர் தவறுதான். ஆனால் அந்த வாயை அடைத்தது நான். மறுநாள் அதே கேங்க் முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பழுதைச் சொல்பவரை ஏச மாட்டேன், மறைப்பவரைத்தான் கேட்பேன்" என்று எல்லோருக்கும் சொன்னேன். அடுத்த சில மாதங்களில் என் ரிஜிஸ்டர் நிரம்பி வழிந்தது. "உங்கள் செக்‌ஷன் இவ்வளவு மோசமா?" என்று மேலதிகாரியே கேட்டார். பழுது கூடவில்லை ஐயா, சொல்வதுதான் கூடியது!

இதே பாடத்துக்கு நம் பெங்களூரிலேயே இன்னொரு சான்று உண்டு. 1924ல் மையா சகோதரர்கள் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம்ஸ், அதாவது எம்.டி.ஆர். அவர்களில் யக்ஞநாராயண மையா 1951ல் ஐரோப்பா சென்று, அங்குள்ள உணவகங்களின் சுத்தத்தைக் கண்டு வந்து, இங்கே பாத்திரங்களைக் கொதிநீராவியில் சுத்தம் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். இது வாடிக்கையாளருக்குச் செய்த மரியாதை.

1975ல் நெருக்கடி நிலை வந்தது. ஹோட்டல் பண்டங்களை மிகக் குறைந்த விலைக்கே விற்க வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. தரத்தைக் குறைத்தால் வாடிக்கையாளருக்குத் துரோகம். கடையை மூடினால் ஊழியர் குடும்பத்துக்குச் சோறில்லை. அவர்கள் தரத்தைக் குறைக்கவில்லை, ஹோட்டலை மூடினார்கள். ஆனால் ஊழியர்களுக்கு வேலை வேண்டுமே என்று மசாலாப் பொடிகளையும் உடனடி உணவு மாவுகளையும் பாக்கெட்டில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். அந்தத் தொழில்தான் பின்னால் உலகெங்கும் பெயர் பெற்றது. ஹோட்டலும் மீண்டும் திறந்தது.

வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் நான்கு சொல்வேன்.

1. பாராட்டைப் பலர் முன் சொல்லுங்கள். குறையைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். வயதில் மூத்தவர் என்றால் பதவி எதுவானாலும் "நீங்கள்" என்றே பேசுங்கள்.

2. புகாரோடு வரும் வாடிக்கையாளரை முழுதும் பேசவிடுங்கள். பிறகு அவர் சொன்னதை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். பாதிக் கோபம் அங்கேயே தணியும். முடியாததை முடியும் என்று சொல்லாதீர்கள். முடிந்ததற்கு நாள் குறித்துச் சொல்லுங்கள்.

3. புகார் வந்ததும் "யார் செய்தது?" என்று கேட்காமல் "எப்படி நடந்தது?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பொய் வரும். இரண்டாவதற்கு வழி பிறக்கும்.

4. நாம் பிழைக்க வந்த ஊரின் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். "நமஸ்காரா, ஏனு பேக்கு?" என்று கன்னடத்தில் கேட்டால் வந்தவர் முகம் மலரும். வீட்டில் தமிழ் வளரட்டும். கவுண்டரில் வருபவரின் மொழி ஒலிக்கட்டும்.

அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1676 மில்லிமீட்டர். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டால் வண்டி தடம் புரளும். அதனால்தான் கீமேன் போகும்போது ஒன்றையும் வரும்போது மற்றொன்றையும் பார்க்கிறார். ஊழியர் ஒரு தண்டவாளம், வாடிக்கையாளர் மற்றொன்று.

அந்தத் தம்பி போன வாரம் மறுபடி வந்தார். "மாமா, நேற்று ஒரு பையன் தானாகவே வந்து தன் தப்பைச் சொன்னான்" என்றார். "அப்படியானால் உங்கள் ரிஜிஸ்டர் இனி நிரம்பும், பயப்படாதீர்கள்" என்றேன்.