நெயும் பாவும் இல்லாத மறுப்பு

அன்புள்ள தங்கைக்கு,

உன் பிரெஞ்சு வகுப்பு விடைத்தாள்களில் 'நான் எழுவதில்லை' என்பதற்கு "ழெ மெ நெ லேவ் பா" என்ற பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று சலித்துக்கொண்டிருந்தாய். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் எழுதினேன். தமிழில் 'எழுவதில்லை', 'எழாதே' என்று மறுப்பு வினையின் வாலில் வந்து ஒட்டிக்கொள்கிறது. வினைக்கு முன்னால் நிற்கும் "நெ" நம் பிள்ளைகளுக்குப் புதிது. நினைவு வந்த இடத்தில் செருகிவிடுகிறார்கள்.

மறுப்புச் சொற்களான நெ, பா இரண்டும் ரொட்டித்துண்டு, நடுவில் வினை என்று பலகையில் சாண்ட்விச் வரையாதே. கடந்த காலம் வந்தால் "ழெ நெ மெ சுயி பா லெவே" ஆகிவிடும். லெவே ரொட்டிக்கு வெளியே கிடக்கும். 'எழாமல் இருப்பது' என்ற பொருளில் "நெ பா செ லெவே" என்றால் இரண்டு ரொட்டியும் ஒரே பக்கம்! "மெ, தெ, செ (என்னை, உன்னை, தன்னை) வினைக்கு முன்னால் நின்றால், நெ அவற்றுக்கும் முன்னால்தான் நிற்கும், இடையில் நுழையாது" என்று சொல். "ழெ நெ மெ லேவ் பா" தானாக வரும்.

ஏவலுக்குத்தான் நிறைய நேரம் ஒதுக்க வேண்டும். எழுந்திரு என்பது "லேவ் துவா". எழாதே என்பது "நெ தெ லேவ் பா". பின்னால் துவா என்று நின்றது, மறுப்பில் தெ என்று சுருங்கி முன்னால் வந்துவிடுகிறது.

இங்கே பிரெஞ்சுக்காரர்களின் பேச்சைக் காட்டு. கவலைப்படாதே என்பதற்கு முழு வடிவம் "நெ தாங்கியெத் பா". பேச்சில் நெ பெரும்பாலும் உதிர்ந்துவிடும்: "தாங்கியெத் பா". இன்னும் தேய்ந்தால் வெறும் "தாங்கியெத்". நெ இல்லை, பா இல்லை, ஆனாலும் மறுப்புதான். கவலைப்படு என்று சொல்ல நினைத்திருந்தால் "ஆங்கியெத் துவா" என்றல்லவா வந்திருக்கும்! தெ தேய்ந்து முன்னால் ஒட்டிய அந்தத் 'த்' ஒலி மட்டுமே மறுப்பைச் சுமக்கிறது. இதைக் கேட்ட வகுப்பு ஏவல் விதியை மறந்து நான் பார்த்ததில்லை.

பா என்ற சொல்லுக்கு முதலில் காலடி என்றே பொருள். ஓர் அடிகூட நகரவில்லை என்று அழுத்திச் சொல்லச் சேர்த்த சொல், இன்று பேச்சில் மறுப்பு முழுவதையும் தாங்குகிறது. நேரமிருந்தால் சொல்.

எழுத்துத் தேர்வில் மட்டும் நெ-யை விடவிடாதே. மதிப்பெண் போய்விடும்.

அன்புடன்,
அக்கா