அப்பாவுக்கு புரோட்டான் வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு 59 வயது. மூளைக் கட்டிக்கு ஆபரேஷன் முடிந்தது. பயாப்ஸியில் ‘கிளியோபிளாஸ்டோமா, கிரேடு 4’ என்று வந்திருக்கிறது. ரேடியேஷனும் மாத்திரையும் என்கிறார்கள். சொந்தக்காரர்களோ, தரமணியில் புரோட்டான் இருக்கும்போது சாதாரண கரன்ட் எதற்கு என்கிறார்கள். தி.நகர் வீட்டை விற்கவும் தயார். என்ன செய்யட்டும், டாக்டர்?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: வீட்டை விற்காதீர்கள் அம்மா.

தரமணியில் 2019-ல் திறந்த அப்போலோ புரோட்டான் மையம் தெற்காசியாவிலேயே முதலாவது. புரோட்டான் கதிர் குறித்த ஆழத்தோடு நின்றுவிடும், அப்பால் போகாது. முதுகுத்தண்டு நெடுகக் கதிர் வாங்க வேண்டிய மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டியுள்ள குழந்தைக்கு அது பெரிய வரம், நானே அனுப்பிவைப்பேன். அப்பாவின் கட்டி வேறு ரகம். ஸ்கேனில் தெரியும் எல்லையைத் தாண்டி மூளைக்குள் பரவியிருக்கும் என்பதால், சுற்றியுள்ள ஓரத்துக்கும் வேண்டுமென்றே கதிர் கொடுக்கிறோம். துல்லியமாக நிறுத்துவதில் இங்கே லாபம் குறைவு.

உங்களுக்குச் சொல்லியிருப்பது 2005 முதல் உலகமெங்கும் கொடுக்கப்படும் சிகிச்சை. ஆறு வாரத்தில் 30 முறை கதிர், மொத்தம் 60 கிரே. கூடவே தினமும் டெமோசோலோமைடு மாத்திரை. பிறகு மாதம் 5 நாள் வீதம் ஆறு சுற்று. இந்தச் சிகிச்சையை நிலைநாட்டிய ஆய்வில் கதிர் மட்டும் பெற்றவர்களில் இரண்டு ஆண்டு தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். மாத்திரையும் சேர்ந்தபோது இருபத்தாறு பேர். முழுக் குணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு இன்ஸ்டிட்யூட்டிலும் இதே சிகிச்சைதான். மாத்திரையும் உள்நாட்டு ஜெனரிக்காகவே கிடைக்கிறது.

கருவியைப் பற்றி இவ்வளவு விசாரித்தீர்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஐ.டி.ஹெச்., எம்.ஜி.எம்.டி. என்ற இரண்டு மரபணுப் பரிசோதனைகளும் இருக்கிறதா, பாருங்கள். எம்.ஜி.எம்.டி. மெத்திலேஷன் இருந்தால் மாத்திரை நன்றாக வேலை செய்யும். ஐ.டி.ஹெச். மாற்றம் இருந்தால், 2021 உலக சுகாதார நிறுவனப் பகுப்பின்படி இது கிளியோபிளாஸ்டோமாவே அல்ல. போக்கும் சற்று மெதுவானது. இந்த வயதில் அது அரிது, ஆனாலும் பார்த்தே ஆகவேண்டும். அந்தப் பரிசோதனைகளைச் செய்யவில்லையென்றால், ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரி லேபில் மெழுகில் பதித்த திசு ‘பிளாக்’ இருக்கும், அதிலேயே செய்யலாம். மறு ஆபரேஷன் தேவையில்லை.

முதல் நாள், வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி மாஸ்க் செய்வார்கள். பலர் அதில்தான் மிரள்வார்கள்; முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மாத்திரை வெறும் வயிற்றில். அதற்கு முன்பே வாந்தி மாத்திரை. வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை. மூளை வீக்கத்துக்குத் தரும் டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும். அதற்குப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கதிர் முடிந்து எடுக்கும் முதல் எம்.ஆர்.ஐ.யில் கட்டி பெரிதானதுபோலத் தெரியலாம். சில சமயம் அது கதிரின் வீக்கமே. அந்த ஒரு படத்தைப் பார்த்து மாத்திரையை நிறுத்தச் சொன்னால், அடுத்த ஸ்கேன்வரை பொறுக்கலாமா என்று கேளுங்கள்.