சம்பளச் சீட்டில் முதலில் பார்க்க வேண்டிய வரி

எங்கள் தெருக்காரர் ஒருவர் சிங்கப்பூரில் பதினோரு வருஷம் கட்டுமான வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். அவர் பெட்டியில் ஓரம் சுருண்ட நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. தேதி, வேலைக்கு ஏறிய நேரம், இறங்கிய நேரம், ஓ.டி. எத்தனை மணி என்று ஒரு நாள் விடாமல் எழுதி வைத்திருந்தார். கூடவே ரப்பர் பேண்டு போட்ட சம்பளச் சீட்டுக் கட்டு. ஒரு நாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து கடைசி வருஷக் கணக்கை மட்டும் இரண்டையும் வைத்து ஒத்துப் பார்த்தோம். மணிக்கணக்கில் பிசகே இல்லை. ஆனால் ஓ.டி. தொகை உதைத்தது.

“அண்ணே, அடிப்படைச் சம்பளம் அறுநூறுன்னு போட்டிருக்கே?” என்றேன்.

“எண்ணூறுன்னுதான் சொன்னாங்க. அலவன்ஸ் இருநூறையும் சேர்த்தா எண்ணூறு வந்துருதே தம்பி” என்றார்.

மாதச் சம்பளம் என்னவோ குறையவில்லை. ஆனால் சிங்கப்பூரில் ஓ.டி.யைக் கணக்கிடுவது அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். அடிப்படையைப் பன்னிரண்டால் பெருக்கி, 52 வாரம் பெருக்கல் 44 மணி, அதாவது 2,288 ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. அதில் ஒன்றரை மடங்கு ஓ.டி. அடிப்படை 800 வெள்ளி என்றால் 60 மணி ஓ.டி.க்குச் சுமார் 377 வெள்ளி வரும். அடிப்படை 600 என்றால் 283தான். இருநூறு வெள்ளியை ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு நகர்த்தியதில் மாதம் 94 வெள்ளி போய்விட்டது. அதை அவர் ஒரு மாதம்கூடக் கவனிக்கவில்லை. கைக்கு வரும் தொகை இருக்கும் கடைசி வரியைத்தான் எல்லோரையும் போல அவரும் பார்த்தார்.

சம்பளச் சீட்டைக் கையில் வாங்கினால் முதலில் அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள். எந்த நாட்டில் வேலை பார்த்தாலும் இதுதான் முதல் வேலை. நம் ஊரில் பி.எஃப்., பணிக்கொடை, போனஸ் எல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. துபாயில் வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளக் கணக்குதான்: ஒரு வருஷம் முடித்தவருக்கு, முதல் ஐந்து வருஷங்களில் வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் போகும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 30 நாள்.

வேலைக்குச் சேரும் முன்

சீட்டில் இருக்கும் எண் சரியா தப்பா என்று சொல்ல, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தாள் வேண்டும். பேசிய சம்பளம் எழுத்தில் இருக்கும் தாள் அது. இந்தியாவில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. நியமனக் கடிதம் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை என்று அவை சொல்கின்றன. கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும், தெரியும். “பேங்க் லோனுக்குக் கேட்கிறார்கள்” என்றாவது சொல்லி வாங்கிவிடுங்கள்.

சிங்கப்பூருக்கு ஒர்க் பெர்மிட்டில் போகிறவருக்குக் கிளம்பும் முன்பே ஐ.பி.ஏ. எனப்படும் முன்அனுமதிக் கடிதம் வரும். அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், மாதாமாதம் பிடிக்கப்போகும் தொகை மூன்றும் அதில் தனித்தனியாக இருக்கும். ஏஜென்ட் கையிலேயே அதை விட்டுவிடாமல், எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். அந்தக் கடிதத்தில் உள்ள அடிப்படையை முதலாளி பிறகு குறைக்க வேண்டுமானால், தொழிலாளி எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும், மனிதவள அமைச்சுக்கும் தெரிவித்திருக்க வேண்டும். அங்கே போய் இறங்கியதும் நீட்டுகிற தாள்களில் அவசரமாகக் கையெழுத்துப் போடக் கூடாது என்பது இதனால்தான். எங்கள் தெருக்காரரும் அப்படி ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். என்ன தாள் என்று அவருக்கு நினைவில்லை.

சீட்டு கேட்பது உரிமை

இந்தியாவில் ஊதியச் சட்டத் தொகுப்பு 2019, பிரிவு 50, ஒவ்வொரு முதலாளியும் சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும் என்கிறது. விவசாயத்துக்கோ வீட்டு வேலைக்கோ ஐந்து பேருக்கு மேற்படாமல் வைத்திருப்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. அவரும் ஆய்வாளர் கேட்டால் சம்பளம் கொடுத்ததற்கு ஆதாரம் காட்டியாக வேண்டும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். வேலையை விட்டு நின்றாலோ, நிறுத்தப்பட்டாலோ, இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பே, 1950ஆம் ஆண்டு குறைந்தபட்ச ஊதிய மத்திய விதிகளில் ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது: சம்பளம் கொடுப்பதற்கு ஒரு நாளாவது முன்னால் சீட்டைக் கொடுத்துவிட வேண்டும். தொழிலாளி ராத்திரி வீட்டில் பிள்ளைகளை வைத்துக் கணக்குப் பார்த்துவிட்டு மறுநாள் பணம் வாங்கப் போகலாம். இந்த வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். முடிந்த இடத்தில் முந்தின நாளே சீட்டைக் கேளுங்கள்.

சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் 1 முதல் வேலை நியமனச் சட்டத்தின் கீழ் வரும் எல்லோருக்கும் சீட்டு கட்டாயம். சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் மூன்று வேலை நாட்களுக்குள். கையால் எழுதிக் கொடுத்தாலும், போனில் அனுப்பினாலும் செல்லும். சம்பளக் காலம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, ஓ.டி. எத்தனை மணி, அதற்கு எவ்வளவு, ஒவ்வொரு பிடித்தமும் எதற்கு என்று தனித்தனியாக இருக்க வேண்டும். மொத்தமாக ஒரே எண்ணைப் போட்டுக் கொடுத்தால் அது சட்டப்படியான சீட்டு ஆகாது. சம்பளம் ஏழு நாளுக்குள், ஓ.டி. பதினான்கு நாளுக்குள் வர வேண்டும். வீட்டுப் பணிப்பெண்கள் இந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கிறார்கள். அது எனக்கு உறுத்தலான விஷயம்.

மலேசியாவிலும் சம்பளக் கெடு ஏழு நாள்தான். அங்கே வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2025 அக்டோபர் முதல் ஊழியர் சேமநிதி உண்டு. தொழிலாளி 2 சதவீதம், முதலாளி 2 சதவீதம். அங்கே வேலை செய்கிற தம்பிமார் சீட்டில் அந்த வரி வந்துவிட்டதா என்று பாருங்கள்.

இலங்கையில் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி பங்கு 8 சதவீதம், முதலாளி பங்கு 12. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மட்டும் 3 சதவீதம் கட்ட வேண்டும். அந்த மூன்று சதவீதம் உங்கள் பிடித்தப் பட்டியலில் தெரிந்தால் அது தவறு.

பிரிட்டனில் 2019 ஏப்ரல் 6 முதல், நேரத்துக்குத் தகுந்தாற்போல் சம்பளம் மாறும் எல்லோருக்கும் மணிக்கணக்கைச் சீட்டில் காட்டியாக வேண்டும். கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் ஷிப்ட் பார்க்கும் நம்மவர்களுக்கு இது பெரிய பிடிமானம். கனடாவின் ஒன்ராறியோவில் சம்பள நாளிலோ அதற்கு முன்போ எழுத்தில் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் சீட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்று நாடு முழுமைக்குமான சட்டம் கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிபோர்னியா மிகக் கறார், புளோரிடாவில் கட்டாயமே இல்லை. ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு வேறு கம்பெனிக்கு மாறும்போது அந்தச் சீட்டுகள்தான் கைகொடுக்கும். எந்த மாநிலமானாலும் மாதாமாதம் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர்ச் சீட்டு ஒன்று

இப்போது ஒரு சீட்டை வரிவரியாகப் பார்க்கலாம். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் டெய்லர் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 15,000 ரூபாய், வேறு படி எதுவும் இல்லை.

பி.எஃப். பிடித்தம் 12 சதவீதம், 1,800 ரூபாய். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 113 ரூபாய் (112.50ஐ மேல்நோக்கி முழு ரூபாயாக்குவார்கள்). கைக்கு 13,087 ரூபாய் வர வேண்டும். வங்கிக் கணக்கில் இதே தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ரூபாய் வித்தியாசம் என்றாலும் கேளுங்கள்.

முதலாளியும் தன் பங்காக 1,800 கட்ட வேண்டும். அதில் 1,250 பென்ஷன் கணக்குக்குப் போகும், மீதி 550 பி.எஃப். கணக்கில் சேரும். இ.எஸ்.ஐ.க்கு அவர் பங்கு 3.25 சதவீதம். சில சீட்டுகளில் பி.எஃப். பிடித்தம் 3,600 என்றே போட்டிருப்பார்கள். முதலாளி பங்கையும் தொழிலாளி தலையில் கட்டும் வேலை அது. சட்டம் இதை அனுமதிப்பதில்லை.

சரி, 15,000 சம்பளத்தில் அடிப்படையை 6,000 என்று காட்டி, மீதி 9,000 ரூபாயை வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி என்று பிரித்துப் போட்டால்? பி.எஃப். 720 ஆகக் குறையும், கைக்குக் கூடுதலாக வரும், தொழிலாளிக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் முதலாளி பங்கும் கூடவே குறைகிறதே, அதை யாரும் சொல்வதில்லை. பல வருஷமாக நடந்துவந்த இந்த வழக்கத்துக்குத்தான் புதிய தொகுப்பு கடிவாளம் போட்டிருக்கிறது. இப்படி ஊதியக் கணக்கிலிருந்து விலக்கப்பட்ட படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையை ஊதியமாகவே கணக்கில் எடுக்க வேண்டும். இந்த உதாரணத்தில் 9,000 என்பது பாதியான 7,500ஐத் தாண்டுகிறது. ஆகவே 1,500 ரூபாயைச் சேர்த்து 7,500க்கு பி.எஃப். பிடிக்க வேண்டும்.

அடுத்தது நாள் கணக்கு. வேலை செய்த நாள், சம்பளத்தோடு கூடிய விடுப்பு, பண்டிகை விடுமுறை எல்லாம் உங்கள் குறிப்போடு ஒத்துப்போக வேண்டும். ஓ.டி.க்கு இந்தியாவில் இரட்டிப்புக் கூலி. ‘இன்சென்டிவ்’ என்று ஒரு தொகையைப் போட்டு ஓ.டி. வரியைக் காலியாக விட்டிருந்தால், எத்தனை மணிக்கு அந்தத் தொகை என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பிடித்தப் பகுதியில் நிதானமாக நில்லுங்கள். சட்டம் பட்டியல் போட்டுச் சொல்லியிருக்கும் காரணங்களுக்குத் தவிர வேறு எதற்கும் பிடிக்க முடியாது. வேலைக்கு வராத நாள், வாங்கிய அட்வான்ஸ், வீட்டு வசதி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., வருமான வரி இவையெல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அபராதம் போட்டால் அந்தச் சம்பளக் காலத்து ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. தமிழ்நாட்டில் தொழில் வரியை அரையாண்டுக் கணக்கில் உள்ளாட்சி அமைப்புகள் வசூலிக்கின்றன. வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் அது போகாது. ‘இதரப் பிடித்தம் 300’ என்று ஒரு வரி இருந்தால் விடாதீர்கள். பெயரில்லாமல் பிடிக்கிற ரூபாய்க்குப் பெயர் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. சிங்கப்பூரில் இருப்பவர்கள் லெவி என்ற பெயரில் எதுவும் பிடிக்கிறார்களா என்று பாருங்கள். லெவி என்பது வெளிநாட்டுத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருப்பதற்காக முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டியது, தொழிலாளியிடம் அதைப் பிடிக்கக் கூடாது.

சீட்டுக்கு வெளியே பார்ப்பது

சீட்டில் பி.எஃப். பிடித்தம் என்று அச்சாகியிருப்பதாலேயே அது கட்டப்பட்டுவிட்டது என்று ஆகாது. பன்னிரண்டு இலக்க யு.ஏ.என். எண்ணை வைத்து உமங் செயலியிலோ பி.எஃப். இணையதளத்திலோ பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது பார்ப்பது நல்லது. ஒரு மாதம் விடுபட்டிருந்தால் அப்போதே கேட்டால் சரியாகிவிடும். நான்கு வருஷம் கழித்து, கம்பெனி பெயரை மாற்றிக்கொண்ட பிறகு கேட்டால் அலைச்சல்தான் மிஞ்சும்.

வளைகுடாவில் தனியாகச் சீட்டு கைக்கு வராவிட்டாலும் சம்பளம் வந்த தடம் இருக்கும். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் 2009 முதலும் கத்தாரில் 2015 முதலும் ஊதியப் பாதுகாப்பு முறையின் வழியாகத்தான் சம்பளம் போக வேண்டும். அது வங்கிப் பரிமாற்றமாகப் பதிவாகும். மாதாமாதம் அந்தக் குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். ஏ.டி.எம். கார்டை மேஸ்திரியிடமோ கேம்ப் பாஸிடமோ கொடுக்காதீர்கள். முழுத் தொகையும் வந்ததாகக் கணக்கு காட்டிவிட்டு, பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்வது அந்தக் கார்டு வழியாகத்தான்.

ரொக்கமாக வாங்குகிறவர்கள், தொகை எழுதாத வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள். தொகையையும் தேதியையும் உங்கள் கையாலேயே எழுதிவிட்டு, பிறகு ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்திடுங்கள்.

கேட்பதும் புகார் செய்வதும்

முதலில் அக்கவுண்ட்ஸில் கேளுங்கள். பாதித் தவறுகள் உண்மையிலேயே தவறுதான், அடுத்த மாதம் சரி செய்துவிடுவார்கள். வாயால் கேட்டதை அன்றைக்கே வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்: “இந்த மாதச் சீட்டில் 300 ரூபாய் இதரப் பிடித்தம் எதற்கு என்று தெரிவிக்கவும்.” மரியாதையான அந்த ஒரு வரி பிறகு ஆதாரமாக நிற்கும்.

பதில் வராவிட்டால், தமிழ்நாட்டில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்குப் போகலாம். மூன்று வருஷத்துக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். சம்பளம் கொடுக்கவில்லை, குறைத்தார்கள், முறையில்லாமல் பிடித்தார்கள் என்று நீங்கள் மனு கொடுத்தால், கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. சட்டமே அப்படிச் சொல்கிறது. கான்ட்ராக்டர் கைவிரித்துவிட்டால், அவரை வைத்து வேலை வாங்கிய நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். அதனால் கான்ட்ராக்டில் இருப்பவர்கள் எந்த நிறுவனத்தின் வளாகத்தில் வேலை செய்தோம் என்பதற்கும் ஓர் அடையாளம், கேட் பாஸோ ஐ.டி. கார்டோ, வைத்திருக்க வேண்டும். ஒன்ராறியோவில் தொழிலாளர் அமைச்சில் இரண்டு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் மனு கொடுக்கலாம்.

சிங்கப்பூரில் முதலில் டாடெம் எனப்படும் முத்தரப்புச் சச்சரவுத் தீர்வு அமைப்பில் சமரசத்துக்கு மனு கொடுக்க வேண்டும். அங்கே முடியாவிட்டால் வேலை தொடர்பான கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம். வேலையில் இருக்கும்போது, பிரச்சினை நடந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து ஆறே மாதம்தான். எங்கள் தெருக்காரர் நோட்டைத் திண்ணையில் விரித்தபோது ஊர் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

ஆகவே வெளிநாட்டில் இருப்பவர்கள் திரும்புவதற்கு டிக்கெட் போடும் முன், கடைசிப் பன்னிரண்டு மாதச் சீட்டையும் ஐ.பி.ஏ. கடிதத்தையும் நோட்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைத்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பள வரியில் தொடங்குங்கள். பில் மெஷினில் அச்சடித்த சீட்டாக இருந்தால் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.